ஆடும் ஃபேனுக்குக் கீழே அத்தை படுக்க வேண்டாம்

கேள்வி: மதுரை செல்லூரில் குடியிருக்கிறோம். முன்பக்கம் மாமனார் காலத்துப் பழைய மெத்தை வீடு. மரக்கட்டை வைத்துச் செங்கல் அடுக்கிய கூரை. பின்பக்கம் காலி இடத்தில் கான்கிரீட் போட்டு, மாடியோடு புதிதாக ஒரு பகுதி எடுத்திருக்கிறோம். மாடியில் 18-க்கு 11 ஹால், 12-க்கு 10 படுக்கையறை. ஹாலில் நடுவில் ஃபேன் கொக்கிக்கான பெட்டி (ஃபேன் பாக்ஸ்) ஒன்றே ஒன்றுதான் வைத்துத் தளம் போட்டுவிட்டார்கள். கடையில், கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன்தான் வாங்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், "அது போர்டு போயிரும், தலைவலி" என்கிறார். கோடையில் எங்கள் ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. மாடியில் இப்போதைக்கு மாட்டியிருக்கும் பழைய ஃபேன் ராத்திரியில் அனல் காற்றாக வீசுகிறது. அது எதனால்? முன் அறையில் அத்தைக்கு இருபது வருடத்துக்கு மேலான ஃபேன் ஓடுகிறது. இரண்டு தடவை காயில் கட்டியாயிற்று. இப்போது ஆடுகிறது, வேகமும் இல்லை. என் மகன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிக்கிறான், எல்லாவற்றையும் நானே மாட்டுகிறேன் என்கிறான். விடலாமா? சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

செல்லூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் பின்னால் எழுதியதை நான் முன்னால் எடுத்துக்கொள்கிறேன். முன் அறை ஃபேனை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அத்தைக்கு ஒரு டேபிள் ஃபேனோ ஸ்டாண்ட் ஃபேனோ வைத்துக் கொடுங்கள். பக்கத்தில் யாரிடமாவது இரவல் வாங்கியாவது வையுங்கள். மாடிக்கு எந்த ஃபேன் என்று ஒரு வாரம் கழித்துக்கூட முடிவு செய்யலாம். இது அப்படி இல்லை.

சீலிங் ஃபேன் ஒன்றின் எடை நாலு கிலோவிலிருந்து ஆறு கிலோ வரை இருக்கும். சும்மா தொங்கும்போது அந்த எடையைக் கொக்கி எளிதாகத் தாங்கும். ஆடிக்கொண்டே நிமிடத்துக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் கொக்கியை ஒரு பக்கம் இழுத்து விடுகிறது. இருபது வருடம் அப்படி இழுத்தால் கொக்கிக் கம்பி, ஃபேன் ராடைக் கொக்கியில் பிடிக்கும் கிளாம்ப் உட்காரும் இடத்தில் தேய்ந்துபோகும். கீழிருந்து பார்த்தால் தெரியாது, கூரையை ஒட்டியிருக்கும் கிண்ணம் போன்ற மேல் கப் மறைத்துக்கொண்டிருக்கும். மெயினை அணைத்துவிட்டு, அந்தக் கப்பைக் கீழே இறக்கி டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். புதுக் கம்பியின் கனத்தில் பாதி தேய்ந்துபோன கொக்கியில் ஃபேன் ஓடிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கீழே கட்டில் போட்டுப் பிள்ளைகள் படுத்திருந்தார்கள்.

கப்பை இறக்கியதும் பார்க்க வேண்டியவை: கொக்கி முழு வளையமாக மூடியிருக்கிறதா, திறந்த கொக்கியா? திறந்ததாக இருந்தால் அதை அப்படியே விடக்கூடாது. கிளாம்புக்குள் இருக்கும் ரப்பர் இருக்கிறதா, நசுங்கிப் போய்விட்டதா? ரப்பர் போய்விட்டால் இரும்பும் இரும்பும் உரசி, ஓடும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும். ராடின் மேலும் கீழும் உள்ள போல்ட்டுகளில் நட் இறுகியிருக்கிறதா, நட் கழன்று வராமல் இருக்கப் போடும் ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா? அந்தப் பின் சில ரூபாய்தான். பல வீடுகளில் அதைப் போடாமல், அல்லது ஒரு துண்டுக் கட்டுக்கம்பியைச் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டு வாங்க வேண்டிய பொருள் அது.

உங்கள் முன் அறையில் இன்னொன்றும் இருக்கிறது. கொக்கி எதில் மாட்டியிருக்கிறது? கட்டைக்குள் துளை போட்டுப் போல்ட்டாக மேலே ஏற்றியிருக்கிறார்களா, அல்லது இரண்டு கட்டைக்கு நடுவே செங்கல்லில் ஆணி அறைந்து மாட்டியிருக்கிறார்களா? செங்கல்லில் இருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். கட்டையில் இருந்தால், ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கொக்கியைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். தேக்கு நன்றாக இருந்தால் முனை உள்ளே இறங்காது. கரையான் அரித்திருந்தால் பொடி கொட்டும், தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். நல்ல கட்டைக்குத் துளை போடுவதைவிட, கட்டையை மூன்று பக்கமும் சுற்றிப் பிடிக்கிற இரும்புப் பட்டைக் கிளாம்ப் அடித்து அதில் வளையம் வைப்பது எனக்குப் பிடித்த முறை. வெல்டிங் பட்டறையில் கட்டையின் அகலத்தைக் கொடுத்தால் செய்து தருவார்கள். கட்டை சந்தேகமாக இருந்தால், இரண்டு நல்ல கட்டைகளைத் தாங்கலாக வைத்து அவற்றின் குறுக்கே ஒரு இரும்பு ஆங்கிள் போட்டு, அதில் தொங்கவிடலாம். வேலை முடிந்ததும், ஃபேனை மாட்டுவதற்கு முன்னால், எலக்ட்ரீஷியன் அந்த வளையத்தைப் பிடித்துத் தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிக் காட்டட்டும். அவர் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

பழைய மெத்தை வீட்டில் கூரை உயரம் 12 அடி இருக்கும் என்று நினைக்கிறேன். இறக்கை தரையிலிருந்து எட்டரை, ஒன்பது அடியில் இருந்தால்தான் படுத்திருப்பவர் மேல் காற்று படும். ஃபேனோடு வரும் ஒரு அடி ராடு அங்கே போதாது. மூன்று அடி ராடு தனியாக வாங்க வேண்டும். எந்த அறையிலும் எட்டு அடிக்குக் கீழே இறக்கை வரக்கூடாது. கட்டிலில் ஏறி நின்று கொசுவலை கட்டுகிற வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். இறக்கைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு அடி இடைவெளி இருக்கட்டும். அதைவிட ஒட்டினால் ஃபேனுக்கு மேலிருந்து இழுக்கக் காற்று கிடைக்காது.

இனி அந்தப் பழைய ஃபேன். ஆட்டத்துக்குக் கொக்கி மட்டும் காரணமில்லை. இறக்கை ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், துடைக்கும்போது ஒரு இறக்கை வளைந்திருக்கலாம். ஒரே இடத்தில் கூரைக்கும் இறக்கை நுனிக்கும் உள்ள தூரத்தை ஒரு குச்சியால் அளந்து, கையால் சுற்றிவிட்டு மூன்று இறக்கையையும் ஒவ்வொன்றாக அங்கே நிறுத்தி ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வெள்ளையடிக்கும்போது இரண்டு மூன்று ஃபேன்களைக் கழற்றி வைத்துவிட்டு, இறக்கைகளை மாற்றி மாட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. கம்பெனியில் மூன்று இறக்கையையும் எடை பார்த்து ஒரு செட்டாக அனுப்புகிறார்கள். செட் கலைந்தால் ஆட்டம் வரும். கழற்றும்போதே பின்புறத்தில் அடையாளம் போட்டு வையுங்கள்.

வேகம் குறைந்ததற்கு முதல் சந்தேகம் எப்போதும், மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கண்டென்சர்தான். ஸ்விட்ச் போட்டதும் ஃபேன் தயங்கி நின்று, குச்சியால் லேசாகத் தள்ளிவிட்டால் சுற்ற ஆரம்பிக்கிறது என்றால் அது ஏறக்குறைய உறுதி. பெரும்பாலான ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். பழையதன் மேல் எழுதியிருக்கும் அதே அளவை வாங்குங்கள். வேகம் கூடும் என்று பெரிய அளவைப் போடச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள், காயில் சூடேறும். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. அடுத்தது பேரிங். கரண்ட் இல்லாதபோது கையால் சுற்றிவிட்டால் நல்ல ஃபேன் சத்தமில்லாமல் பல சுற்று ஓடி மெதுவாக நிற்கும். கரகரவென்று ஓடி உடனே நின்றால் பேரிங் மாற்ற வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஃபேன் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். காயில் கட்டிய பிறகு கண்டென்சர் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் திசை மாறிவிடும். ஃபேன் வேகமாகச் சுற்றும், காற்று மட்டும் கீழே வராது.

ஆனால் இரண்டு முறை காயில் கட்டிய ஃபேனுக்கு மூன்றாவது தடவை செலவு செய்யச் சொல்ல மாட்டேன். பழைய காயிலை எடுக்கச் சூடாக்கும்போது உள்ளே இருக்கும் தகடுகளின் தரம் குறையும். கம்பியின் கனமும் சுற்றும் கம்பெனியில் இருந்தபடி அமைவது அரிது. மோட்டார் சூடாகும், கரண்டும் கூடுதலாக இழுக்கும். மாடியில் தற்காலிகமாகக் கூட அதை மாட்டாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

எந்த ஃபேன் வாங்குவது என்பதில் கடைக்காரர் சொன்னதும் உண்மை, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதும் உண்மை. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு, கரண்ட் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிள் கட்டாயம். அந்த லேபிளில் காற்றின் அளவு நிமிடத்துக்கு இத்தனை கன மீட்டர் என்றும், கரண்ட் இத்தனை வாட் என்றும் இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். விடை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. காற்றின் அளவு 48 அங்குல ஃபேனுக்கு 210-க்குக் குறையாமல் இருக்கட்டும். வாட் குறைவு என்று காட்டி, காற்றையும் குறைத்துவிடுகிற மாடல்கள் உண்டு. மதுரை வெயிலுக்கு அவை வேண்டாம்.

உங்கள் பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது ஒரு ஸ்டாரோடு வரும் சாதாரண மோட்டார் ஃபேன் 50 வாட்டை ஒட்டி இருக்கும். பி.எல்.டி.சி. 28 முதல் 35 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 900 மணி நேரம். பழையது 67 யூனிட்டுக்கு மேல் தின்னும், புதுச் சாதாரண ஃபேன் 45 யூனிட், 30 வாட் பி.எல்.டி.சி. 27 யூனிட். நம் ஊர்க் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு, 500-க்குள் நிற்கும் வீட்டுக்குக் கிடைக்கும் சலுகை முழுதாகக் கிடைக்காது. அதனால்தான் 500-க்கும் 510-க்கும் பில்லில் அவ்வளவு வித்தியாசம் வருகிறது. உங்கள் வீட்டில் நாள் முழுக்க ஓடும் மூன்று ஃபேன்களைப் பி.எல்.டி.சி.யாக மாற்றினால், அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இன்வெர்ட்டர் இருந்தால் அதே பேட்டரியில் ஃபேன் ஓடும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் வரும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் சாதாரண ஃபேன் சோர்ந்து சுற்றும், பி.எல்.டி.சி. பெரும்பாலும் அதே வேகத்தில் ஓடும். எப்போதாவது விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற அறைக்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

போர்டு பயமும் நியாயமானதுதான். அந்த மோட்டாரை ஓட்டுவதே உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுதான். இடி மின்னலிலோ, நியூட்ரல் போய் வோல்டேஜ் எகிறும்போதோ அது போகலாம். தெருமுனை மெக்கானிக்கால் காயில் கட்டித் தர முடியாது, கம்பெனி ஆள்தான் வர வேண்டும். ஆகவே வாங்கும் முன் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: வாரண்டி போர்டுக்கும் சேர்த்தா, மோட்டாருக்கு மட்டுமா? மதுரைக்குள் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா, வேறு ஊரிலிருந்து வர வேண்டுமா? பதில் தெளிவாக வராத பிராண்டை, ஆயிரம் ரூபாய் குறைவு என்றாலும் விட்டுவிடுங்கள். பில்லில் தேதியும் மாடலும் எழுதி வாங்குங்கள்.

இந்த ஃபேனுக்குச் சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும். அதைக் குறைத்து வைத்து ஓட்டினால் போர்டு கெட்டுப்போகும், பல கம்பெனிகள் வாரண்டியும் தர மாட்டார்கள். அத்தை ரிமோட்டைத் தேடிக்கொண்டு இருக்க மாட்டார் என்றால், சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டே வேகம் மாற்றக்கூடிய மாடல் கேளுங்கள். கரண்ட் போய் வந்ததும் முன்பிருந்த வேகத்திலேயே தானாக ஓட வேண்டும் என்பதையும் கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். நள்ளிரவில் கரண்ட் வந்த பிறகு ரிமோட்டைத் தேடி எழுந்திருப்பது வயதானவர்களுக்குச் சிரமம்.

நாலு இறக்கை, ஐந்து இறக்கை, மர டிசைன், நடுவில் லைட் என்று கண்ணைக் கவரும் மாடல்களைக் காட்டுவார்கள். காற்றுக்கு மூன்று இறக்கையே போதும்.

படுக்கையறைக்கு 48 அங்குல ஃபேன் ஒன்று சரியாக இருக்கும். ஹால்தான் சிக்கல். 18 அடி நீளத்துக்கு நடுவில் ஒரு ஃபேன் போட்டால் இரண்டு ஓரத்திலும் காற்று எட்டாது. திருவிழாவுக்கு வந்தவர்கள் பாய் விரித்துப் படுக்கும்போது எல்லாரும் நடுவுக்கு வருவார்கள். 56 அங்குலம் கொஞ்சம் உதவும், ஆனாலும் நான் இரண்டு 48 அங்குலம்தான் சொல்வேன். ஒவ்வொரு ஓரத்துச் சுவரிலிருந்தும் நாலரை அடி தள்ளி. ஃபேன் பாக்ஸ் இல்லாத இடத்தில் தளத்தைத் துளைத்து இரும்புத் தகடு வைத்து, நாலு ஆங்கர் போல்ட் அடித்து வளையம் மாட்டலாம். உங்கள் தளம் நாலரை, ஐந்து அங்குல கனம் இருக்கும். துளை இரண்டரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், மேலே தட்டு ஓடு போட்டிருந்தால் அதன் கீழ்ச் சுண்ணாம்பு வரை போய் மழைக்காலத்தில் ஒழுகும். டிரில் கம்பியில் மோதினால் நிறுத்திவிட்டு இரண்டு அங்குலம் நகர்த்த வேண்டும். வயர் பைப் எந்த வழியாகப் போகிறது என்று கட்டும்போது எடுத்த ஃபோட்டோ இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பிளாஸ்டிக் கட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்குவது படம் மாட்டத்தான், ஃபேனுக்கு ஒருபோதும் ஆகாது. வயரைப் பட்டி அடித்து வெளியே கொண்டு வரட்டும். பார்வைக்குக் கொஞ்சம் குறைதான், பரவாயில்லை.

மாடியில் அனல் வீசுவதற்கு ஃபேன் மேல் பழி போட முடியாது. ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. காற்றைத் தோல் மேல் ஓட்டி வியர்வையை உலர்த்துகிறது, அதில்தான் நமக்குக் குளுமை தெரிகிறது. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம், ராத்திரி பத்து மணி வரைக்கும் சூட்டைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் அடியில் தேங்கிய சூட்டுக் காற்றைத்தான் ஃபேன் உங்கள் மேல் தள்ளுகிறது. எத்தனை ஸ்டார் ஃபேன் போட்டாலும் இது மாறாது. கத்திரி தொடங்குவதற்கு முன்னால் மொட்டை மாடித் தரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். செலவு முடியாவிட்டால் சுண்ணாம்பாவது அடியுங்கள். பகலில் மேற்கு ஜன்னலை மூடி வைத்து, வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எல்லா ஜன்னலையும் திறந்து ஃபேனைப் போடுங்கள். முடிந்தால் ஹாலின் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். மாடிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு மொட்டை மாடிக்குப் போகட்டும், உங்கள் கேள்விக்கு என்னுடைய முக்கியமான யோசனை அதுதான்.

அத்தைக்காக இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் காற்று உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு. அந்த மாதிரி மத்தியானங்களில் ஃபேனை மட்டும் நம்பாமல், கை கால் கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். மாடியைவிடப் பழைய மெத்தை வீட்டின் உயரமான கூரை அவருக்கு நல்லது. அவரை மேலே மாற்றும் யோசனை இருந்தால் கோடை முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

செல்லூர் என்பதால் பக்கத்தில் எங்காவது தறி ஓடுகிறதா என்று யோசித்தேன். தறி ஓடும் தெருவில் பஞ்சுத் தூசி இறக்கையின் முன் விளிம்பில் கம்பளி மாதிரி படிந்துவிடும். காற்று குறையும், ஒரு பக்கம் கூடுதலாகப் படிந்தால் ஆட்டமும் வரும். மோட்டார் மூடியில் காற்றுத் துளை இருந்தால் அதையும் அடைத்துச் சூடேற்றும். அங்கே மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்து, பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி வெளியே இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டில் அழுக்காகாது. இன்னொரு கையால் இறக்கையை அடியில் தாங்கிக்கொள்ளுங்கள், மேலிருந்து அழுத்தினால் வளைந்துவிடும். ஈரத்துணி பிழிந்ததாக இருக்கட்டும், மோட்டார் பக்கம் தண்ணீர் போகக்கூடாது. வருடத்துக்கு ஒரு முறை, பங்குனியிலேயே, எல்லா ஃபேனின் மேல் கப்பையும் இறக்கிக் கொக்கியும் ரப்பரும் பின்னும் பார்த்துவிடுங்கள்.

மகனைத் தாராளமாகச் செய்ய விடுங்கள், ஆனால் எதைச் செய்வது என்று பிரித்துக் கொடுங்கள். கண்டென்சர் மாற்றுவது, இறக்கை ஸ்க்ரூ முடுக்குவது, ரெகுலேட்டரைக் கழற்றுவது அவன் வேலை. தளத்தைத் துளைப்பதும், பழைய கட்டையில் கிளாம்ப் அடிப்பதும் அனுபவப்பட்ட ஆள் செய்யட்டும். மகன் கூட நின்று கற்றுக்கொள்ளட்டும். எதைத் தொட்டாலும் மெயினை அணைத்த பிறகுதான். ஃபேன் ஸ்விட்சை மட்டும் நம்பக்கூடாது. பழைய வீடுகளில் ஸ்விட்சை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள். ஸ்விட்ச் அணைந்திருக்கும், ஃபேன் நின்றிருக்கும், வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். டெஸ்டரை முதலில் வேலை செய்கிற ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மெயினை அணைத்த பின் ஃபேன் வயரிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை எர்த் வயரை மடக்கி உள்ளே தள்ளாமல் இணைக்கட்டும். முன் அறைக்கு எர்த் வயரே இல்லையென்றால் இந்த வேலையோடு அதையும் இழுத்துவிடுங்கள். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் அதையும் போட்டுவிடுங்கள். ஃபேனைத் தூக்கி மாட்டுவது ஒரு ஆள் வேலை கிடையாது. ஒருவர் மேலே நின்று போல்ட்டை முடுக்கும்போது, இன்னொருவர் மோட்டாரைக் கையில் தாங்கிக்கொண்டு, ஸ்ப்ளிட் பின்னின் இரண்டு காலும் விரித்து மடக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை எடுக்க வேண்டும்.